கட்ச் எழுந்தபோது யாருக்கு வேலை கிடைத்தது?

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. குடியரசு தினம் என்பதால் குஜராத் பள்ளிகளில் அன்று வகுப்புகள் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் கொடியேற்றத்துக்காக மைதானத்தில் நின்றிருந்தார்கள். 7.7 அளவிலான அந்த நிலநடுக்கத்தில் 1,800-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் தரைமட்டமாயின. பிள்ளைகள் வெளியே நின்றிருந்தும் 971 மாணவர்களும் 31 ஆசிரியர்களும் இறந்தார்கள். அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் கொடியோடு ஊர்வலமாகப் போன 185 மாணவர்கள்மீதும் 20 ஆசிரியர்கள்மீதும் இரு பக்கத்துக் கட்டடங்களும் சரிந்தன. மாநிலம் முழுவதும் இறந்தவர்கள் சுமார் 13,800 பேர். அவர்களில் 12,000-க்கும் அதிகமானவர்கள் கட்ச் என்ற ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

கட்ச் இன்று மீண்டெழுந்த மாவட்டத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. முந்த்ரா துறைமுகம், அஞ்சாரின் ஜவுளி ஆலைகள், ரண் உற்சவம் என்ற சுற்றுலா விழா, காவ்டாவின் சூரிய மின் பூங்கா என்று பட்டியல் நீளமானது. ஆனால் அந்த வேலைகள் யாருக்குக் கிடைத்தன, எப்போது கிடைத்தன, அதற்குள் உள்ளூர்ப் பிள்ளைகள் என்ன படித்திருந்தார்கள் என்ற கணக்குதான் இப்போது பேரிடரிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் ஊர்களுக்கு உதவும். பேரிடருக்குப் பிறகு வேலைவாய்ப்பு ஒரேயடியாக வருவதில்லை. முதலில் கட்டுமானம், பிறகு தொழிற்சாலை, கடைசியில் நிலைத்து நிற்கும் தொழில்கள் என்று அலை அலையாக வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஓர் ஆயுள் உண்டு, ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கால அளவு உண்டு. இவை இரண்டும் பொருந்தாத இடத்தில் வேலை வெளியூர்க்காரர் கைக்குப் போகிறது.

முதல் ஆண்டு: பள்ளியும் காகிதங்களும்

பள்ளி இடிந்த ஊரில் கூடாரத்திலோ தகரக் கொட்டகையிலோ வகுப்பைத் தொடங்கிவிடலாம். சின்னப் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களைத் திரும்ப அழைத்து வருவதுதான் பெரும்பாடு. இடிபாடு அகற்ற, செங்கல் சுமக்க, கலவை போட ஆள் தேவைப்படும் நேரம் அது. வழக்கத்தைவிட அதிகமான தினக்கூலி கையில் கிடைக்கும்போது, வீட்டை இழந்த குடும்பம் பதினைந்து வயதுப் பையனைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும். பெண் பிள்ளைகள் வேறு காரணத்தால் நிற்கிறார்கள்: தற்காலிகப் பள்ளி தூரத்தில் இருக்கும், கழிப்பறை இருக்காது, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. இரண்டு பருவம் விட்டுப்போனால் பத்தாம் வகுப்புத் தேர்வு எட்டாமல் போகும். அது இல்லாமல் ஐடிஐயின் பெரும்பாலான நல்ல பிரிவுகளில் இடம் இல்லை, டிப்ளமோவும் இல்லை. பிற்பாடு வரப்போகும் தொழிற்சாலையின் கதவு இங்கேயே சாத்தப்பட்டுவிடுகிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் கவனிப்பதில்லை. மறுகட்டுமானத் திட்டத்தில் முதல் செலவு எது என்று கேட்டால், இந்த மூன்று வகுப்புகளையும் பிடித்துவைக்கும் உதவித்தொகையையும் பெண்களுக்கான போக்குவரத்தையும்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். 2001-இல் எல்லாம் காகிதம்தான். வீட்டோடு மதிப்பெண் பட்டியலும் புதைந்தால், பள்ளிப் பதிவேட்டைத் தேட வேண்டும். பள்ளியும் புதைந்திருந்தால் தேர்வு வாரியத்தைத் தவிர வேறு வழி இல்லை. இன்று நிலைமை எளிது, ஆனால் செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். பலர் நேரே மதிப்பெண் பட்டியலுக்கு அலைந்து வாரங்களை இழக்கிறார்கள். முதலில் வாங்க வேண்டியது தொலைந்த அதே கைபேசி எண்ணுக்கான புது சிம். ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பிறகு ஆதார் நகல். கைரேகை இருந்தால் எண் நினைவில் இல்லாவிட்டாலும் மீட்டுவிடலாம். மூன்றாவது அரசின் மின்ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர். வாரியமோ பல்கலைக்கழகமோ அதில் ஏற்றிய மதிப்பெண் பட்டியல் அசலுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டும் என்பது சட்டம். அதில் இல்லாத பழைய சான்றிதழுக்கு மட்டும் காவல்நிலையத்தில் தொலைந்த பொருள் புகார் கொடுத்து, தேர்வு எழுதிய மாதம், ஆண்டு, பதிவெண் ஆகியவற்றோடு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவெண் தெரியாதபோது அதே வகுப்பில் படித்த நண்பனின் பதிவெண்ணை வைத்து அருகிலுள்ள எண்களில் தேடச் சொல்லலாம். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது, அது 14-ஆம் பிரிவு. முகாமில் இருக்கும் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது.

2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியபோது கேரளம் இந்த வேலையை நன்றாகச் செய்தது. வருவாய், கல்வி, ஆதார், குடிமைப் பொருள் எனப் பல துறையினரும் மேப்பாடியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆவணங்களை மறுபடி வழங்கினார்கள். வெள்ளார்மலை அரசுப் பள்ளியின் மாணவர்களுக்கு செப்டம்பர் 2-ஆம் தேதியே மேப்பாடியில் வகுப்புகள் தொடங்கின. ஐந்து வாரத்துக்குள் பள்ளிக்கூடம் திரும்பியதால் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு வீணாகவில்லை.

கட்டுமான அலை

கட்சில் வீடு கட்டும் பொறுப்பு ஒப்பந்ததாரரிடம் போகவில்லை, வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. நிலநடுக்கம் நடந்து இரண்டு வாரத்துக்குள், பிப்ரவரி 8-இல், குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. பணம் மூன்று தவணையாக வந்தது: தொடக்கத்தில் 40 சதவீதம், வேலை பாதி ஏறியதும் 40 சதவீதம், முடிந்ததும் 20 சதவீதம். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பொறியாளர் வந்து பார்த்து, நிலநடுக்கத்தைத் தாங்கும் விதத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று சான்று தர வேண்டும். இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாக எழுந்தன.

இந்த ஏற்பாடு வேலைச் சந்தையை மாற்றிப்போட்டது. தவணை நிற்காமல் வர வேண்டுமானால் விதி தெரிந்த கொத்தனார் வேண்டும், விதி தெரிந்த பொறியாளர் வேண்டும். அதனால் சுமார் 29,000 கொத்தனார்களுக்கும் 6,000-க்கும் மேற்பட்ட பொறியாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 2005 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, தொண்டு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் ஊர்களைத் தத்தெடுத்து, சுமார் 1.5 லட்சம் ரூபாயில் 300 முதல் 325 சதுர அடி கான்கிரீட் வீடுகளைக் கட்டிக்கொடுத்தன. வீடு கிடைத்தது. ஆனால் வீடு கட்டும் தொழில் ஊருக்குள் தங்கவில்லை. கட்டியவர்கள் வேலை முடிந்ததும் தங்கள் ஆட்களோடு கிளம்பிவிட்டார்கள். மீண்டெழும் மாநிலம் ஒன்று வீட்டுத் திட்டத்தை எழுதும்போதே தொழிற்கல்வித் திட்டத்தையும் எழுதிவிடுகிறது என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

கொத்தனார் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்ன? கட்ச் நிலநடுக்க மண்டலம் ஐந்தில் இருக்கிறது. அங்கே கல் சுவர் வீடுகள் விழுந்ததற்கு முக்கியக் காரணம், சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியாகப் பிரிந்து சரிந்தது. ஆகவே சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகும் கட்டுக்கல்லை ஒவ்வொரு 60 செ.மீ. உயரத்திலும், 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வைக்க வேண்டும். அடித்தளத்துக்கு மேலும், கதவு ஜன்னல் தலைக்கு மேலும் வீட்டைச் சுற்றி முறியாமல் ஓடும் கான்கிரீட் பட்டை வேண்டும், அதன் கம்பி மூலையில் வளைந்து தொடர வேண்டும். மூலைகளில் அடித்தளம் முதல் கூரை வரை நிலைக்கம்பி வேண்டும். தூணின் கம்பி வளையத்தை 90 பாகையில் மடிக்காமல் 135 பாகையில் உள்நோக்கி மடிக்க வேண்டும். 90 பாகை வளையம் அதிர்ச்சியில் வாய் பிளந்துவிடும், பிறகு நெடுங்கம்பி வெளியே பிதுங்கும்.

பயிற்சி பெற்றும் தவறு நடந்த இடங்கள் உண்டு. கட்சில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்குறியீடு. கிணற்று உப்பு நீரையே ஊற்றினால் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, மேல்பூச்சு உப்பி, வெடித்துவிடும். தண்ணீர்ப் பஞ்சத்தால் ஏழு நாளாவது ஈரம் காக்க வேண்டிய சுவரை இரண்டே நாளில் விட்டுவிடுவதும் நடக்கும். இவற்றைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தெரிந்த மேற்பார்வையாளருக்குத்தான் அன்றைக்கு உண்மையான கிராக்கி. மறுகட்டுமானம் நடக்கும் ஊரில் சிவில் டிப்ளமோ படிக்கும் மாணவர் வரைபடத்தைப் போலவே நீர்ச் சோதனையையும், கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் கனச்சதுர மாதிரிச் சோதனையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த அலைக்கு ஆயுள் மூன்று நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு கொத்தனார் என்ன செய்வார்? புஜ் நகரின் ஹுன்னர்ஷாலா அமைப்பு இதற்கு ஒரு விடை கண்டது. கட்சின் வட்டவடிவ மண் வீடான ‘புங்கா’ 2001-இல் நன்றாகத் தாங்கியதைக் கண்டு, இடித்து இறுக்கிய மண் சுவர், நிலைப்படுத்திய மண் கட்டி போன்ற வேலைகளில் உள்ளூர்க் கைவினைஞர்களைத் தேர்ச்சியாளர்களாக்கியது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்கு கட்டடவேலையும் தச்சும் கற்பிக்கும் காரிகர்ஷாலாவையும் நடத்துகிறது. 2008 கோசி வெள்ளத்துக்குப் பிறகு பீகாரில் வீட்டுக்காரரே கட்டும் திட்டம் வந்தபோது கட்சின் இந்த அனுபவம் அங்கே போயிற்று. சாதாரணக் கட்டடம் மட்டும் கட்டத் தெரிந்தவருக்கு ஊர் கட்டி முடிந்ததும் வேலை குறைகிறது. மற்ற ஊர்களில் கிடைக்காத திறமை கையில் இருந்தால் வேலை அவரைத் தேடி வருகிறது.

சான்றிதழ் இல்லாத கொத்தனாருக்கு இன்று முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டம் இருக்கிறது. பல ஆண்டு வேலை தெரிந்தவருக்குக் குறுகிய அறிமுகமும் செய்முறைத் தேர்வும் நடத்திச் சான்று தருகிறார்கள். அதோடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வேண்டும், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மறுகட்டுமானக் காலத்தில் அந்த 90 நாள் எளிதில் சேர்ந்துவிடும். ஆனால் மேஸ்திரி எழுதித் தராததால் பலர் பதிவை இழக்கிறார்கள். வாரியம் தரும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை அந்தப் பதிவோடு கட்டப்பட்டது என்பதால் இழப்பு அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

வரிச்சலுகையோடு வந்த ஆலைகள்

2001 ஜூலை 31-இல் மத்திய அரசு, கட்சில் புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்கு ஐந்து ஆண்டு கலால் வரிச்சலுகை அறிவித்தது. ஆலை 2003 ஜூலைக்குள் தொடங்க வேண்டும் என்று முதலில் இருந்த கெடு, பிறகு 2005 டிசம்பர் 31 வரை நீண்டது. மாநில அரசின் விற்பனை வரிச்சலுகையும் சேர்ந்தது. ஜவுளி, எஃகுக் குழாய், சமையல் எண்ணெய், சிமெண்ட், மின்பொருள் என ஆலைகள் வரிசையாக வந்தன.

இப்போது ஒரு பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2001 மார்ச்சில் பத்தாம் வகுப்பு முடித்து அதே ஆண்டு ஐடிஐயில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தவர் இரண்டாண்டு கழித்து 2003-இல் வெளியே வருவார். மூன்றாண்டு டிப்ளமோ என்றால் 2004, நான்காண்டு பொறியியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு 2001-இல் தொடங்கியவர் என்றால் 2005. ஆலைகள் ஆள் எடுத்த காலத்துக்குச் சரியாக இந்த மூன்றும் பொருந்துகின்றன. நிலநடுக்கத்தால் ஓர் ஆண்டு தவறவிட்டவருக்குக் கடைசிக் கதவும் குறுகிவிடும். இரண்டு ஆண்டு தவறவிட்டவர் வரும்போது இயந்திரத்தின் முன்னால் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். ஆலையின் முதல் அணியில் சேர்ந்தவரே நாளை மேற்பார்வையாளர் ஆகிறார். பின்னால் வருபவருக்கு ஒப்பந்தக் கூலிதான் மிஞ்சும்.

வரிச்சலுகை முதலீட்டைப் பார்த்துத் தரப்பட்டதே தவிர, கட்ச்காரர் எத்தனை பேருக்கு வேலை என்பதைப் பார்த்துத் தரப்படவில்லை. குஜராத் அரசின் 1995 ஆணை ஒன்று, மாநிலச் சலுகை பெறும் ஆலைகள் 85 சதவீதம் உள்ளூர் ஆட்களை எடுக்க வேண்டும் என்கிறது. அதில் உள்ளூர் என்பது மாநிலம் முழுவதையும் குறிக்கும். சூரத்காரரும் ராஜ்கோட்காரரும் கட்ச் ஆலைக்கு உள்ளூர்க்காரர்களே. பேரிடர் மாவட்டத்துக்கென்று சலுகை தரும் அரசு, மாவட்டத்தையே அளவாக வைத்து, பயிற்சி இடங்களை நிபந்தனையாக எழுதியிருக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இப்போது சலுகைத் திட்டம் எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

சலுகையும் கடைசிவரை அப்படியே நிற்கவில்லை. ஆலை கட்டிய கலால் வரியில் திருப்பித் தரும் தொகையை, ஆலை தன் பொருளில் கூட்டிய மதிப்புக்கு ஏற்ற ஒரு பங்கோடு 2008-இல் மத்திய அரசு குறுக்கியது. வழக்குகள் நடந்தன. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. சலுகையை நம்பி வரும் ஆலையில் வேலைக்குச் சேர்கிறவர், சலுகை தீர்ந்த பிறகும் அந்த ஆலை அங்கே நிற்க வேறு காரணம் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கட்சில் அந்தக் காரணம் துறைமுகங்கள்தான். கண்ட்லாவும் முந்த்ராவும் அருகில் இருப்பதால் ஏற்றுமதி ஆலைகள் நிலைத்தன.

இன்று கையில் இருக்கும் நல்ல கருவி தொழிற்பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 1,000 பேர் உள்ள ஆலை என்றால் குறைந்தது 25 பேர். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிந்து விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான தேர்வு எழுத வைப்பார்களா? நிறுவனத்தின் பெயர் போட்ட வெறும் அனுபவக் கடிதத்துக்கு வேறு ஆலையில் மதிப்புக் குறைவு.

நிலைத்தவை

நிலநடுக்கத்துக்கு முன் கட்சின் கல்லூரிகள் 330 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2003-இல் புஜ் நகரிலேயே பல்கலைக்கழகம் வந்தது. 2009-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. பட்டப்படிப்புக்கு மகளை 330 கி.மீ. தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் உள்ள மாவட்டத்தில் இந்த இரண்டும் எந்த ஆலையைவிடவும் பெரிய மாற்றம்.

கைத்தொழிலின் கதை இன்னும் நுட்பமானது. அஜ்ரக் அச்சுத் துணிக்குப் பேர்போன தமட்கா ஊரில் நிலநடுக்கத்துக்குப் பிறகு நீரில் இரும்பு கூடிவிட்டது. அஜ்ரக்கில் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, கடுக்காயும் படிகாரமும் சேர்ந்து சாயவேரில் கொதித்தால் சிவப்பு. நீரிலேயே இரும்பு இருந்தால் சிவப்பு கறுத்து மங்கிவிடும். தொழிலே அழியும் நிலையில் இஸ்மாயில் கத்ரி உள்ளிட்ட கைவினைஞர் குடும்பங்கள் புஜ் அருகே நல்ல நீர் உள்ள இடம் தேடி அஜ்ரக்பூர் என்ற புது ஊரை உண்டாக்கினார்கள். 2024-இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இடம் மாறியது பாதிதான். 2005-இல் தொடங்கிய கலா ரக்‌ஷா வித்யாலயா, கைவினைஞருக்கே வடிவமைப்புக் கற்பித்தது. ஓராண்டில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வாரம்: நிறம், அடிப்படை வடிவமைப்பு, சந்தை, கருத்து, நேர்த்தி, விற்பனை முன்வைப்பு. இடையில் வீட்டுக்குப் போய்த் தறியிலோ ஊசியிலோ பயிற்சிப் பணி செய்து வர வேண்டும். வேலையை விடாமல் படிக்கலாம் என்பதே இதன் பலம். பேரிடருக்குப் பிறகு பெண்களுக்குப் பூத்தையல் கொடுத்து வருமானம் தரும் திட்டங்கள் எங்கும் முளைக்கும். எல்லாரும் ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரிக் குஷன் உறை தைத்தால் துண்டுக்கூலி இறங்கிக்கொண்டே போகும். வடிவமைப்பைத் தானே செய்து விலையைத் தானே சொல்லத் தெரிந்தவர்தான் தப்பிக்கிறார்.

கட்சின் இப்போதைய அலை சூரிய மின்சாரம். காவ்டாவில் காற்று மின்சாரத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருப்பது 30 கிகாவாட். சூரிய மின் வேலைக்கான அரசின் சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், சுமார் மூன்று மாதம். பத்தாம் வகுப்போடு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவு முடித்தவர் சேரலாம். இங்கும் பழைய பாடமே பொருந்தும்: பலகை நிறுவும் காலத்தில் ஆள் நிறைய வேண்டும், பராமரிப்புக்கு மிகக் குறைவு. காவ்டாவில் பலகைத் தூசியை நீரில்லாமல் துடைக்க இயந்திரங்களையே பயன்படுத்துகிறார்கள். கழுவும் வேலையை நம்பி இருப்பவருக்கு அங்கே இடம் இல்லை. இன்வெர்ட்டர், உயர் அழுத்த மின்நிலையம், அந்தத் துடைக்கும் இயந்திரத்தின் பழுது ஆகியவற்றைக் கற்றவருக்கு இருக்கிறது.

பேரிடரே படிப்பாகும்போது

2001 இந்தியாவில் ஒரு துறையையே வளர்த்துவிட்டது. காந்திநகரில் நிலநடுக்கவியல் ஆய்வு நிறுவனமும் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நிறுவனமும் தோன்றின. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கே நிலநடுக்கப் பொறியியலைக் கற்பிக்க 2003-இல் ஐஐடிகளைக் கொண்டு தேசியத் திட்டம் தொடங்கியது. முதுகலை படிக்க விரும்பும் சிவில் மாணவருக்கு ரூர்க்கி ஐஐடியின் நிலநடுக்கப் பொறியியல் துறை 1960-லிருந்து இருக்கிறது. சமூகப் பணி, பொருளியல், புவியியல் படித்தவருக்கு மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தின் பேரிடர் ஆய்வுப் பள்ளி பொருந்தும். பேரிடர் மேலாண்மை என்ற பட்டயம் மட்டும் தனியாக வேலை வாங்கித் தருவது அரிது. சிவில், புவியியல் தகவல் முறைமை, பொதுச் சுகாதாரம், கணக்கு என்று ஏதாவது ஒரு தொழில் முதலில் கையில் இருக்க வேண்டும், பட்டயம் அதன்மேல் ஏற வேண்டும்.

மீட்புப் பணியில் சேர விரும்பும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் பற்றி. அதற்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. அரக்கோணத்தில் இருக்கும் நான்காவது பட்டாலியன் உட்பட எல்லாப் பட்டாலியன்களுக்கும் வீரர்கள் மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து அயல்பணியில் வருகிறார்கள். நேரடிச் சேர்க்கை என்று பணம் கேட்கும் விளம்பரம் எதுவும் மோசடிதான். முதலில் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்எஸ்சி) கான்ஸ்டபிள் தேர்வு எழுதி மத்திய தொழிற்பாதுகாப்புப் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற ஒன்றில் சேர வேண்டும். சில ஆண்டு பணிக்குப் பிறகு மீட்புப் படைக்கு விருப்பம் தெரிவிக்கலாம். மாநில மீட்புப் படைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலக் காவல்துறையே வழி. தீயணைப்புத் துறைக்குத் தனித் தேர்வு உண்டு. உள்ளூரிலேயே மீட்புப் பணி செய்ய நினைப்பவருக்கு அதுதான் நேர்வழி.